பஞ்சர் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்துக்குப் பஞ்சர் அக்கா என் தையல் கடைக்குள் வந்து, இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

“மோந்து பாருடி டெய்லரு.”

நான் மெஷினை நிறுத்திவிட்டு மோந்து பார்ப்பேன். முதல் தடவையில் தேறுவது அபூர்வம்.

“இன்னும் இருக்குக்கா.”

“எங்க?”

“கட்டைவிரல் இடுக்குல. நகக்கண்ணுல.”

“எனக்கு ஒண்ணுமே தெரியமாட்டேங்குதே. இந்த மூக்கு செத்தே போச்சு” என்று முனகிக்கொண்டே குழாயடிக்குப் போவாள். சலவைத்தூளையும் மணலையும் சேர்த்துப் போட்டுத் தோல் சிவக்கத் தேய்ப்பாள். திரும்பி வந்து மறுபடி நீட்டுவாள். நான் சரி என்று சொன்ன பிறகுதான், அளவு பார்க்க வருகிறவர்களுக்காக நான் கட்டி வைத்திருக்கும் திரைக்குப் பின்னால் போய் உடுப்பு மாற்றுவாள். வேலை செய்த உடுப்பைக் காலி பெயிண்ட் டின்னுக்குள் அமுக்கி, மூடி போட்டு, அவள் கடையிலேயே வைத்துவிடுவாள். என்னிடம் மடித்து வைத்திருக்கிற வேறு உடுப்போடுதான் வீட்டுக்குப் போவாள்.

ஏதோ ஒரு நாள் இரண்டு நாள் நடந்த கதை இல்லை இது. அவள் மகன் இரண்டாம் தடவையாகப் போதையை விடவைக்கிற சிகிச்சை இல்லத்திலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு இப்படித்தான்.

பஞ்சர் ஒட்டுகிற பசைக்கு எல்லாரும் சொல்கிற பேர் சொல்யூஷன். பற்பசை மாதிரி, விரல் நீள மஞ்சள் குழலில் வரும். அதன் நெடிதான் அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. கெட்ட சகவாசம், தெருமுனைப் பையன்கள் என்று யார் மேலும் பழி போட முடியாது. சொந்தக் கடை. பெற்றவளின் பெட்டி.

அந்தக் கடை அக்காவுக்குப் புருஷன் வழியாக வந்தது. அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, டயர் கழற்றுகிற கம்பியை எடுத்துக் கொடுப்பதும், தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி பார்ப்பதுமாகப் பழகியிருந்தாள். காய்ச்சலில் அவர் போனபோது பிள்ளை மூன்றாம் வகுப்பு. முப்பதாம் நாள் கும்பிட்டு முடிந்த கையோடு கடையைத் திறந்துவிட்டாள். ஆரம்பத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?” என்பார்கள். அக்கா சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி, “இருக்காரே. கூப்பிடட்டுமா?” என்பாள். கேட்டவர் அப்புறம் வாயைத் திறக்காமல் சக்கரத்தைக் கழற்ற விடுவார்.

பள்ளிக்கூடம் விட்டதும் மகன் கடைக்கு வந்து உட்காருவான். விளையாடப் போகாமல் அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கிறானே என்று தெருவே மெச்சியது. நானும்தான் மெச்சினேன். கொஞ்ச நாளில் சொல்யூஷன் பெட்டி சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாக ஆரம்பித்தது. சரக்குப் போடுகிறவர் குறைத்துக் கொடுக்கிறார் என்று அக்கா அவரோடு நடுத்தெருவில் சண்டை போட்டாள். அவர் தன் பிள்ளை தலைமேல் சத்தியம் செய்தார். இவள் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் உண்மை தெரிந்தது. அடுத்த தடவை அவர் வந்தபோது அக்கா டீ வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவருக்கும் விஷயம் எட்டியிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு, “விடும்மா, எல்லாம் சரியாப் போயிடும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் தடவை இல்லத்திலிருந்து வந்தவன் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இரண்டாம் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த ஆலோசகர், வீட்டில் அந்த வாசனையே இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அக்கா கடையை மூடிவிட்டு ரொட்டிக் கம்பெனியில் பொட்டலம் கட்டப் போனாள். வாடகைக்குப் போதவில்லை. நாள் முழுக்க நின்றதில் கால் யானைக்கால் மாதிரி வீங்கிவிட்டது. அவள் கடை வாசலில் ஆட்கள் ஓட்டைச் சக்கரங்களைப் போட்டுவிட்டு, எப்போது வருவாள் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் திறந்துவிட்டாள். திறந்த அன்று சாயங்காலம்தான் முதல் தடவையாக என் மூக்குக்கு நேரே கையை நீட்டினாள்.

மகனுக்குக் காய்கறி மண்டியில் மூட்டை எடை போடுகிற வேலை கிடைத்தது. அம்மா கடைப் பக்கம் அவன் வருவதில்லை. என்னை அவன் சித்தி முறை வைத்துத்தான் கூப்பிடுவான். ஒரு தடவை சட்டைக்குப் பொத்தான் தைக்க வந்தவன், தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொன்னான்.

“சித்தி, அம்மா தினம் சோப்பு வாசனையோட வருது. எனக்கு இப்பல்லாம் சோப்பு வாசனை வந்தாலே அதுதான் ஞாபகம் வருது.”

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. ஆண்டவனிடம் மட்டும் சொன்னேன்.

அந்த ஆலோசகருக்குப் பிள்ளைகள் வைத்த பேர் தண்ணி சார். போதையை விட்டவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று, “தண்ணி குடிங்கப்பா, தண்ணி குடிங்க” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த பேர். போதையை விடவைக்கிற ஆளுக்கு இப்படி ஒரு பேரா என்று யாராவது சிரித்தால் அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒல்லியான மனுஷர். கண்ணுக்குக் கீழே எப்போதும் கறுப்பு.

“வாரம் பூரா வேலை வெட்டின்னு ஓடிடுதும்மா” என்று அவர் அக்காவிடம் சொல்வார். “ஞாயித்துக்கிழமை வந்தா எங்க போறது, யாரோட உக்கார்றதுன்னு தெரியல. பழைய கூட்டத்துக்கிட்டதான் போய் நிக்கிறாங்க. சிரிக்கிறதுக்கு ஒரு இடம் வேணுமில்ல?”

முதலில் இல்லத்தின் கூடத்தில் கேரம்போர்டு போட்டுப் பார்த்தார். பாட்டுப் போட்டி வைத்தார். படம் போட்டார். ஆனால் போர்டைச் சுற்றி உட்கார்ந்தால் காய் ஓடுவதைவிடப் பழைய கதைதான் அதிகம் ஓடியது. யார் எவ்வளவு எடுத்தான், எவன் எந்தச் சாக்கடையில் கிடந்தான் என்று போட்டி. கேட்கக் கேட்க வாய் ஊறியது என்று அக்கா மகனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

சைக்கிள் வந்தது தற்செயல்தான். யாரோ தானமாகக் கொடுத்த பழைய சைக்கிள்கள் இல்லத்தின் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றைச் சரிசெய்து ஏதாவது வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தண்ணி சார் வண்டியில் ஏற்றி அக்காவிடம் கொண்டுவந்தார். இறக்கிப் போட வந்த பிள்ளைகள், அக்கா ஒன்றைச் சரிசெய்து சுவரில் சாய்த்ததும் அதை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். அடுத்ததைச் சாய்த்ததும் அதையும் எடுத்தார்கள். வேர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தவர்களைத் தண்ணி சார் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பழங்கதை பேசறதுக்கு மூச்சே இல்ல பாருங்க” என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான் ஞாயிற்றுக்கிழமைச் சவாரி. விடிந்ததும் கிளம்பி, ஊரைத் தாண்டி, கால்வாய்ப் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவது. பிள்ளைகளுக்கு அங்கே பேரெல்லாம் கிடையாது. பட்டப்பேர்தான். அக்கா மகன் முட்டி இரண்டையும் விரித்துக்கொண்டு ஓட்டுவதால் வாத்து. எப்போதும் பச்சைப் புள்ளிக் கால்சட்டை போட்டு வருகிறவன் ராணுவம். ஆஸ்பத்திரி வார்டிலிருந்து மாத்திரை எடுத்து விழுங்கிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண், நர்ஸ். இன்னும் சிலரும் வருவார்கள், பிறகு நின்றுவிடுவார்கள்.

பழைய சைக்கிள் என்றால் வழியில் ஏதாவது கழன்று விழத்தான் செய்யும். அதனால் அக்காவும் போக வேண்டியதாயிற்று. முதல் வாரம் மட்டும் என்றுதான் கிளம்பினாள். அது அப்படியே தொடர்ந்துவிட்டது. புருஷனுடைய கனத்த கேரியர் சைக்கிளில், தோளில் உபரி டியூப்களை மாலை மாதிரி மாட்டிக்கொண்டு, முட்டிவலியோடு எல்லாருக்கும் பின்னால் மிதித்துக்கொண்டு போவாள். நான் விடிகாலையில் கும்பிட்டுவிட்டு, ஸ்கூட்டரில் டீயும் பன்னும் எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய்க் காத்திருப்பேன்.

“எனக்கு ஒரே ஒரு ஆசைதான் டெய்லரு” என்பாள் பாலத்துக் கட்டைச் சுவரில் காலை நீட்டி உட்கார்ந்து. “ஒரு ஞாயித்துக்கிழமை, வெயில் மூஞ்சில அடிக்கிற வரைக்கும் தூங்கணும்.”

“தூங்குங்களேன். தண்ணி சாரு இருக்காரே.”

“சாருக்கு டயர் எந்தப் பக்கம் கழட்டணும்னே தெரியாது.” முட்டியைத் தேய்த்துக்கொண்டே, “பின்னாடியே போனா அவன் முதுகு தெரியுதுடி. வீட்டுல படுத்திருந்தா என்ன தெரியும்?” என்பாள்.

சவாரியில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, வழியில் யாரும் பஞ்சர் ஒட்டக் கூடாது. டயர் காற்று இறங்கினால் டியூபையே மாற்றிவிட்டு, ஓட்டை டியூபை அக்கா கடைக்குக் கொண்டுபோய்ப் பிறகு ஒட்டிக்கொள்வாள். சொல்யூஷன் ஊர் எல்லையைத் தாண்டாது. பஞ்சர்க்காரி ஒட்டாமல் வருகிறாளே என்று ராணுவம் கேலி செய்வான்.

இரண்டாவது வழக்கம் நர்ஸால் வந்தது. ஒரு தடவை மருந்துக்கடை ஒன்றைத் தாண்டும்போது அந்தப் பெண் விடாமல் மணியை அடித்துக்கொண்டே போய், இறங்கி, நடுங்கிக்கொண்டு நின்றுவிட்டது. மற்றவர்களும் இறங்கினார்கள். என்ன ஏது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அது கூடவே நடந்தார்கள். ரொம்ப தூரம் போன பிறகு, “ஏறலாம்” என்றது அந்தப் பெண். ஏறினார்கள். அதிலிருந்து அதுவே வழக்கம். மனசு கையை மீறிப் போகிறது என்றால் விடாமல் மணி அடிக்க வேண்டும். உடனே எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். அடித்தவர் ஏறலாம் என்று சொல்கிறவரைக்கும் யாரும் ஏறவும் கூடாது, ஏன் என்று கேட்கவும் கூடாது. எல்லாரும் ஏதாவது ஒரு வாரம் அடித்திருக்கிறார்கள். வாத்து மட்டும் அடித்ததே இல்லை. அக்காவுக்கு அது பெருமையா பயமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

அக்காவுக்கு நான்தான் இரண்டு பைகள் தைத்துக் கொடுத்திருந்தேன். மிச்சமான கித்தான் துணியில் தைத்தது. கடைச் சாமானுக்கு ஒன்று, சவாரிக்கு ஒன்று. மாறிவிடக் கூடாது என்று சவாரிப் பைக்குச் சிவப்புப் பட்டி வைத்தேன். கடைப் பை அவள் கடையில் ஆணியில் தொங்கும். சிவப்புப் பட்டிப் பை என் கடையில் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை அவள் காலையிலிருந்து உட்காரவே இல்லை. கட்டட வேலைக்காரர்களின் தள்ளுவண்டிகள் வரிசையாக வந்து நின்றன. சாயங்காலம் என் கடையில் கை நீட்டி, தேறி, உடுப்பும் மாற்றிவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஐஸ் வண்டிக்காரர் ஓடி வந்தார்.

“அக்கா, மார்க்கெட் முனையில டயரு போயிடுச்சு. ஐஸு எல்லாம் தண்ணியா ஓடுது. கொஞ்சம் வாக்கா.”

“கடை சாத்திட்டேனே தம்பி.”

“பொழப்பே ஓடுதுக்கா.”

அக்கா என்னைப் பார்த்தாள். மறுபடி உடுப்பு மாற்றித் திரும்ப வந்து மாற்ற அவளுக்குத் தெம்பில்லை. என்னுடைய பழைய மேலங்கி ஒன்றை வாங்கி மேலே போட்டுக்கொண்டாள். அவள் கடைக் கதவைப் பாதி தூக்கி, இரண்டு சொல்யூஷனும் ரப்பர்த் துண்டும் கையில் அள்ளிக்கொண்டு வந்து, என் கடையில் கைக்கு எட்டிய பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். எட்டியது சிவப்புப் பட்டிப் பை. நான் துணி விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தும் மனசில் ஏறவில்லை. திரும்பி வந்தவள் பையை மூலையில் போட்டுவிட்டு மறுபடி கை கழுவினாள். நீட்டினாள். மோந்து பார்த்தேன். சரி என்றேன். இரண்டு பேருமே நின்றுகொண்டே தூங்குகிற நிலைமையில் இருந்தோம்.

மறுநாள் சவாரி ஆரம்பத்திலிருந்தே சனியன் பிடித்த மாதிரிதான் இருந்தது. சாலை போடுகிறவர்கள் பழைய கம்பி வலையை நறுக்கி ஓரமெல்லாம் சிதற விட்டிருந்தார்கள். பாலம் வருவதற்குள் டியூப் ஒவ்வொன்றாய் மாற்றி, அக்கா தோளில் மாலை காலியாகிவிட்டது. பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது ராணுவத்தின் பின்சக்கரமும் வாத்தின் முன்சக்கரமும் தரையோடு தரையாக இருந்தன.

“உன் வெயிட்டுக்கு டயரே தற்கொலை பண்ணிக்குதுடா” என்றது நர்ஸ்.

“ராணுவம்னா பாரம் இருக்கத்தான் செய்யும்” என்றான் அவன். “வாத்துதானே மெதக்கணும்? அது ஏன் மூழ்குது?”

அக்கா கட்டைச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். வாத்து தன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அம்மா, பையில வேற டியூப் இருக்கா?” என்று கேட்டான்.

“பாருடா. அடியில ஒண்ணு கெடக்கும்” என்றாள் கண்ணைத் திறக்காமல்.

அவன் அம்மாவின் சைக்கிள் கேரியரிலிருந்து பையை எடுத்து உள்ளே கையை விட்டான். துழாவினான். பிறகு துழாவுவது நின்றது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நர்ஸுக்கு டீ கொடுத்துவிட்டு, தண்ணி சாருக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், அப்படியே நிற்கிறான். பிறகு பையைக் கீழே வைத்தான். குனிந்து, கவிழ்த்து வைத்த சைக்கிளின் கைப்பிடியில் கையை வைத்து மணியை அடித்தான்.

ராணுவம் சிரித்தான். “டேய் வாத்து, எல்லாரும் இறங்கித்தானேடா நிக்கிறோம். யாருக்கு மணி?”

வாத்து மறுபடி அடித்தான். விடாமல் அடித்தான். தலைகீழாக இருக்கிற மணி சரியாகச் சத்தம் வராமல் டொக் டொக் என்றது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அக்கா கண்ணைத் திறந்தாள். மகன் அடிக்கிறது இடது கையால். வலது கை மூடியிருந்தது. விரல் இடுக்கில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது. அவள் பையைப் பார்த்தாள், சிவப்புப் பட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நானே எடுத்துக் குடுத்துட்டேன்டி” என்றாள். எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

நான் டீயைக் கீழே வைத்தேன். “நான் போய்ப் பிடுங்கிடட்டுமாக்கா?”

“வேணாம்.” எழுந்திருக்க என் தோளைப் பிடித்தாள். “மணி அடிச்சுட்டான்ல. நடக்கணும்.”

தண்ணி சார் டீயைக் கீழே கொட்டிவிட்டு, “நடப்போம்பா” என்றார். அவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் வழக்கம் என்று ஒன்றை வைத்துவிட்டால் சார் முதல்கொண்டு எல்லாரும் அதற்குள்தான். கவிழ்த்ததை நிமிர்த்தி, காற்றில்லாத சக்கரங்களோடேயே எல்லாரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊரைப் பார்க்க நடந்தார்கள். நானும் ஸ்கூட்டரைத் தள்ளினேன். ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். மனசு வரவில்லை.

வெயில் ஏறிவிட்டது. வாத்து முன்னால் நடந்தான். வலது கையை மூடியபடியே கைப்பிடியின்மேல் வைத்துத் தள்ளினான். காற்றில்லாத டயர் ரிம்மோடு அடித்துத் தடக் தடக் என்றது. அக்காவுக்கு அந்தச் சத்தம் உயிரை வாங்குகிற சத்தம். டயரை அப்படி உருட்டுகிறவர்களைக் கடையில் வைத்துத் திட்டித் தீர்ப்பாள். இன்றைக்கு இரண்டு சக்கரத்தையும் நிமிஷத்தில் சரிசெய்கிற சாமான் மகன் கைக்குள் இருக்கிறது. அவள் தன் கனத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நொண்டி நொண்டி, அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வாய்க்குள் கும்பிட்டுக்கொண்டே வந்தேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த மூடி திறக்காமல் இருந்தால் போதும் என்று கேட்டேன்.

பாதி வழியில் ஒரு சரக்கு வண்டி பக்கத்தில் மெதுவாக வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“என்னம்மா, ஊர்வலமா? ஏன் தள்ளிட்டுப் போறீங்க?”

“பஞ்சர்” என்றாள் அக்கா.

“எல்லாமா? ஐயோ பாவம். பின்னாடி ஏத்துங்க, விட்டுடறேன். ஊருக்குள்ள ஒரு அம்மா கடை வெச்சிருக்காங்க. அருமையா ஒட்டுவாங்க.”

அக்கா வாத்தைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. ஏறலாம் என்றும் சொல்லவில்லை.

“அந்தம்மா இன்னைக்கு லீவு” என்றாள் அக்கா. “நீங்க போங்க தம்பி.”

ராணுவம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். நர்ஸ் அவன் முதுகில் ஒன்று வைத்தது. வண்டி போய்விட்டது. மறுபடியும் தடக் தடக். தண்ணி சார் புட்டியை நீட்டினார், “தண்ணி குடிங்கப்பா.” ஆளுக்கு ஆள் கைமாறி வாத்திடம் போனது. அவன் இடது கையால் வாங்கிக் குடித்தான்.

ஊருக்குள் வந்து எங்கள் தெருவில் நுழைந்ததும் வாத்து அம்மாவின் கடை வாசலில் நிற்கவில்லை. என் கடைக்கு வந்து நின்றான். நான் கதவைத் தூக்கினேன். உள்ளே வந்து, துணி வெட்டுகிற மேஜை ஓரத்தில் வலது கையை வைத்தான்.

“தெறக்க வரல சித்தி” என்றான்.

விரல்கள் அப்படியே மரத்துப்போயிருந்தன. நர்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. “இறுக்காத. சும்மா விடு. நான் பாத்துக்கறேன்” என்று சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பிரித்தது. உள்ளே மஞ்சள் குழல் நசுங்கி, வேர்வையில் நனைந்து கிடந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். மூடி திருகப்படவில்லை. மூடியைச் சுற்றிய தகடு அப்படியே ஒட்டியிருந்தது. ஆண்டவனே என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன். என்ன பொருளைக் கண்ணில் ஒற்றுகிறோம் என்று உறைத்துக் கையை இறக்கினேன்.

“அத நீங்க வெச்சிருங்க சித்தி. நாளைக்கு அம்மாவுக்குத் தேவைப்படும்” என்றான் வாத்து.

அக்கா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரவில்லை. அவன் வெளியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் தெருவைப் பார்த்தார்கள்.

“பசிக்குதாடா?”

“ம்.”

“பன் இருக்கு.”

“ம்.” பிறகு, “அம்மா, அடுத்த வாரம் நீ வராத. தூங்கு” என்றான்.

“டயரு?”

“டியூப் மாத்தறதுதானே? எனக்குத் தெரியும். பைய சித்தி பாத்துக் குடுக்கட்டும்.”

அவள் பன்னைப் பிய்த்துப் பாதியை அவன் கையில் வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க சாயங்காலம் கையை நீட்டினாள். மோந்து பார்த்தேன். நசுங்கிய குழலைத் திங்கட்கிழமையே கொடுத்துவிட்டேன். அதில்தான் ராணுவத்தின் டியூபையும் வாத்தின் டியூபையும் ஒட்டினாள். வேலை வேலைதானே.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நான் பையைத் தலைகீழாகக் கொட்டி, தையலை எல்லாம் தடவிப் பார்த்து, டியூபை மட்டும் உள்ளே வைத்து வாத்திடம் கொடுத்தேன். தண்ணி சார், அன்றைக்கு டீ பன் எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவர்கள் போனார்கள். கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். வெயில் தெருவில் இறங்கவே இல்லை, அக்கா வந்துவிட்டாள்.

“என்னக்கா, தூங்கலையா?”

“படுத்தேன். வரல.” பெஞ்சில் உட்கார்ந்தாள். “இத்தன வருஷம் தூக்கம் தூக்கம்னு செத்தேன். இன்னைக்குக் கண்ணு மூடமாட்டேங்குது பாரேன்.”

சட்டை ஒன்றின் தையலைப் பிரிக்கக் கொடுத்தேன். பிரித்தாள். பாதியில் வைத்துவிட்டுத் தெருமுனையைப் பார்த்தாள். மறுபடி எடுத்தாள். வழக்கமாகத் திரும்புகிற நேரம் தாண்டியது.  

ரொம்ப நேரம் கழித்துத் தெருமுனையில் தலைகள் தெரிந்தன. ஒருத்தரும் ஓட்டிக்கொண்டு வரவில்லை. எல்லாரும் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார்கள். அக்கா எழுந்துவிட்டாள். வாத்தும் இருந்தான். நடுவில், ராணுவத்தோடு ஏதோ பேசிக்கொண்டு வந்தான். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. எல்லார் முகத்திலும் ஒரே வேர்வை, ஒரே களைப்பு.

சைக்கிள்களை வரிசையாகச் சுவரில் சாய்த்தார்கள். அக்கா வரிசையின் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு சக்கரத்தையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். அது அவள் கைப்பழக்கம். முதல் சக்கரம், அடுத்தது, வாத்தினுடையது, நர்ஸினுடையது. கடைசிவரைக்கும் போனாள். எல்லாச் சக்கரத்திலும் காற்று கல் மாதிரி இருந்தது. பஞ்சரே இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மகனைப் பார்த்தாள், மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாள். யார் மணி அடித்தது என்று வாய் வரைக்கும் வந்திருக்கும். விழுங்கிவிட்டாள்.

“டீ போட்டுட்டு வரச் சொல்லவா எல்லாருக்கும்?” என்றாள்.

“நல்லா சக்கர போட்டுக்கா” என்றான் ராணுவம். “இந்த சாரு போட்ட டீயக் குடிச்சு நாக்கே செத்துப் போச்சு.”

“டேய், அதுல சக்கர இருந்துச்சுடா.”

“இருந்துச்சு சார். ஆனா வெக்கப்பட்டு வெளிய வரல.”

நான் டீக்கடைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வந்து பார்க்கிறேன். பிள்ளைகள் என் கடை வாசலையும் அவள் கடை வாசலையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்து, யார் முதலில் மூச்சு வாங்கினார்கள் என்று ஒரே கூச்சல். அதற்கு நடுவில் அக்கா பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மடியில் பாதி பிரித்த சட்டை. வெயில் நேராக முகத்தில் அடித்தது.

வாத்து எழுந்து போய், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டுத் துணி எடுத்து வந்து, அவள் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றான். டீ வந்த பிறகும் யாரும் அவளை எழுப்பவில்லை.